ஈஸ்டர் பெருநாள்: தோற்றமும் மரபும்

 

சென்ற திங்கள் இக்கழகத்தின் வாசகசாலைக்கு வந்திருந்தபோது இளைஞர் சிலர் எம்மிடம் ஓர் ஐயத்தைக் கிளப்பினர். “கிறிஸ்துமஸ் எந்த ஆண்டும் டிசம்பர் 25இல் வருகிறது. ஈஸ்டர் மட்டும் ஓராண்டு மார்ச்சிலும் ஓராண்டு ஏப்ரலிலும் வருவது ஏன்?” என்பதே அவ்வையம். அன்று இரண்டு வரியில் விடை கூறிவிட்டு வந்தோம். அது போதாது என்று வழி நெடுக மனம் உறுத்திற்று. அக்குறையைத் தீர்க்கவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம். இந்த அவையில் தேவாலயத்திற்குச் செல்வோர் உண்டு, கோயிலுக்குச் செல்வோர் உண்டு, புத்தரை வணங்குவோர் உண்டு, எங்கும் செல்லாதாரும் உண்டு. நாம் பேசப் போவது பிரசங்கமன்று. ஒரு பண்டிகை யாரிடம் பிறந்தது, யார் யார் கைக்கு மாறிற்று என்பதைப் பற்றியே பேசப்போகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘ஈஸ்டர்’ என்பது ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்த சொல். இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்ற துறவி கி.பி. 725இல் எழுதிய காலக்கணித நூலில், அந்நாட்டார் முற்காலத்தில் ஏப்ரல் மாதத்தை ‘ஈஸ்ட்ரே’ என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அழைத்தனர் என்றும், அம்மாதப் பெயரே பண்டிகைக்கும் வந்தது என்றும் எழுதிவைத்தார். அத்தெய்வத்தைப் பற்றி அவர் எழுதிய சில சொற்களுக்கு மேல் பழைய நூல்களில் செய்தி ஏதும் இல்லை. ஆயினும் இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பண்டிகையே வேற்றுத் தெய்வத்தின் பண்டிகை என்று வாதிடுவோர் இருக்கின்றனர். அது பொருந்தாது. இங்கிலாந்தில் கிறித்தவம் வேரூன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கிரேக்கரும் இலத்தீனியரும் சீரியரும் இப்பண்டிகையைக் கொண்டாடி வந்தனர். அவர்கள் வழங்கிய பெயர் ‘பாஸ்கா’. எபிரேயத்தில் ‘பெசாக்’ என வழங்குவதும் அதுவே. நம் கத்தோலிக்கக் கிராமங்களில் பெரிய வெள்ளியை ஒட்டி இரவு முழுதும் நடைபெறும் நாடகத்தைப் ‘பாஸ்கு’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுத்தறியாத அக்கிழவிகள் வாயில் வழங்கிய சொல்தான் பண்டிகையின் உண்மைப் பெயருக்கு நெருக்கமானது!

பாஸ்கா என்பது யூதர்களின் பண்டிகை. அதன் கதை உங்களில் பலர் அறிந்ததே. எகிப்து நாட்டில் செங்கல் அறுத்தும் மண் சுமந்தும் அடிமைகளாய்க் கிடந்த ஒரு கூட்டம், மோசேயின் தலைமையில் ஓர் இரவில் புறப்பட்டு வெளியேறிற்று. அன்றிரவு ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் குருதியை வாயில்நிலையில் பூசி, இறைச்சியை நெருப்பில் சுட்டு, இடையில் கச்சையும் காலில் செருப்பும் கையில் கோலுமாக நின்று அவசர அவசரமாக உண்டனர். மாவு புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே புளியாத அப்பம். பட்ட துயரை நினைவூட்டக் கசப்புக் கீரை. இவ்வளவுதான் அவ்விருந்து. பாயசமில்லை, பலகாரமில்லை. ஓடுகிறவன் உண்ணும் சாப்பாடு.

இந்த வெளியேற்றத்திற்கு எகிப்தின் கல்வெட்டுகளில் நேரான சான்று கிடைக்கவில்லை என்று வரலாற்றாய்வாளர் கூறுவர். கூறட்டும். எமக்கு வியப்பளிப்பது வேறொன்று. உலகத்து மன்னர் குலங்களெல்லாம் ‘யாம் சூரியன் வழி வந்தோம், சந்திரன் வழி வந்தோம்’ என்று மெய்க்கீர்த்தி எழுதிக்கொண்டிருக்க, ஒரு சமுதாயம் மட்டும் ‘எங்கள் முன்னோர் அடிமைகள்’ என்று தன் மறைநூலில் எழுதிவைத்தது. எழுதிவைத்ததோடு நிற்கவில்லை. பாஸ்கா இரவில் வீட்டின் மிக இளைய பிள்ளை எழுந்து, மற்ற இரவுகளினின்றும் இந்த இரவு ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும். நாம் பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம் என்று தொடங்கித் தந்தை கதை முழுவதையும் சொல்ல வேண்டும். இஃது இன்றுவரை யூதர் இல்லங்களில் நடந்துவருகிறது. பிள்ளை கேட்காவிட்டால் விருந்து நகராது. பழைய இழிவைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைத்து வளர்ப்பதே அன்பு என்று கருதும் பெற்றோர் நம்மிடையே உண்டு. நம் வீட்டிலேயே உண்டு. அவர்களைக் குறை கூற எமக்கு வாய் வரவில்லை. எனினும் வேறு வழியில் நடந்த சமுதாயமும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லவேண்டியதாயிற்று.

நிற்க. நீசான் என்னும் யூத மாதத்தின் பதினான்காம் நாள் மாலையில், அஃதாவது முழுநிலவை ஒட்டி, பாஸ்கா தொடங்கும். இயேசு எருசலேமில் பிடிபட்டதும் சிலுவையில் அறையப்பட்டதும் அப்பண்டிகை நாட்களில்தான். சிலுவை என்றால் இன்று கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பொன் நகை நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் அது பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ரோமானியக் குடியுரிமை பெற்றவனைப் பொதுவாகச் சிலுவையில் அறைவதில்லை. கி.மு. 71இல் ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் தோற்றபோது, கபுவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரத்தில் ஆறாயிரம் பேரைச் சிலுவையில் தொங்கவிட்டனர். அவ்வாறு கொல்லப்பட்டவனுக்குப் பெரும்பாலும் அடக்கமும் கிடைப்பதில்லை. பறவைக்கும் நாய்க்கும் இரையாக விடுவதும் தண்டனையின் ஒரு பகுதியே. பிணத்தைக் கொண்டுசெல்லப் பாதை மறுக்கப்பட்டு வயல் வரப்பில் இறங்கி நடந்த நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்கிக் கூறத் தேவையில்லை. இயேசுவுக்குக் கல்லறை கிடைத்தது, வசதி படைத்த ஒருவர் தம் சொந்தக் கல்லறையை விட்டுக்கொடுத்ததால்தான் என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன.

மூன்றாம் நாள் விடியலில் அக்கல்லறை வெறுமையாயிருக்கக் கண்டவர்கள் பெண்கள். நான்கு சுவிசேஷங்களிலும் மகதலேனா மரியாளின் பெயர் இருக்கிறது. அவர்கள் ஓடிவந்து சொன்னதை ஆண்கள் முதலில் நம்பவில்லை. அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், பெண்களின் சாட்சியமும் அடிமைகளின் சாட்சியமும் ஏற்கத்தக்கதன்று என்று எழுதியிருக்கிறார். பெண்ணையும் அடிமையையும் அவர் அடுத்தடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். எவர் சொல் சபையேறாதோ, அவர் சொல்லை நம்பித்தான் இந்தப் பண்டிகை முழுவதும் நிற்கிறது. உயிர்த்தெழுதலை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆயினும் செய்தி யார் வாயாக வந்தது என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

இனி, இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். சின்ன ஆசியாவில் இருந்த சபைகள், யூதரைப் போலவே நீசான் பதினான்காம் நாளில், அது எக்கிழமையாயினும், பாஸ்காவைக் கொண்டாடின. ரோமாபுரியில் ஞாயிற்றுக்கிழமையே வேண்டுமென்றனர். கி.பி. 155ஐ ஒட்டி சிமிர்னா நகரத்துப் போலிக்கார்ப்பு என்ற முதியவர் ரோமாபுரிக்கு வந்து அனிசேத்து என்ற ஆயருடன் இதைப் பேசினார். இருவரும் இணங்கவில்லை. ஆனால் பகைக்கவுமில்லை. அனிசேத்து தம் பீடத்தையே போலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுத்து வழிபாடு நடத்தச் செய்து வழியனுப்பினார். அடுத்த தலைமுறையில் விக்டர் என்ற ஆயர் வந்தார். ஆசியச் சபைகளை விலக்கிவைக்க முற்பட்டார். இரேனேயு போன்றோர் இடைபுகுந்து கண்டிக்க வேண்டியதாயிற்று. விலக்கிவைப்பது என்ற ஆயுதம் அவ்வளவு விரைவில் கைக்கு வந்துவிட்டது!

கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் கூட்டிய நிசேயா சங்கத்தில் எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாடுவதென்று முடிவாயிற்று. பின்னர் நிலைபெற்ற விதி இது: மார்ச் 21ஆம் நாளிலோ அதன் பின்னரோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் அது வாராது. 1582இல் போப்பாண்டவர் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் அதை ஏற்காததால் மீண்டும் இரண்டு ஈஸ்டர் ஆயிற்று. 2024இல் மேற்கத்தியருக்கு மார்ச் 31, கிழக்கத்தியருக்கு மே 5. மறு ஆண்டு, 2025இல், இரு சாராருக்கும் ஏப்ரல் 20ஆக ஒன்றுபட்டது. ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் ஆஸ்வியு என்ற அரசன் ஒரு கணக்குப்படியும் அவன் அரசி மற்றொரு கணக்குப்படியும் நடந்ததால், அரசன் ஈஸ்டர் விருந்து உண்ணும் நாளில் அரசி குருத்தோலை ஞாயிற்று நோன்பிலிருந்தாள் என்று முன்கூறிய பீட் எழுதுகிறார். 664இல் விட்பி என்ற ஊரில் சங்கம் கூட்டி அந்த வழக்கைத் தீர்த்தனர். ஒரே அரண்மனையில் ஒருவர் பட்டினியும் ஒருவர் விருந்துமாக இருந்ததை அப்போதுதான் பெருங்குறையாக எண்ணினார்கள் போலும்!

நிசேயா முடிவை அறிவித்துக் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதத்தில் ஒரு நஞ்சு கலந்திருந்தது. யூதர்களின் வழக்கத்தோடு நமக்கு ஒட்டும் உறவும் கூடாது என்று இழிமொழிகளால் அவன் எழுதினான். எவரிடமிருந்து பண்டிகையைப் பெற்றனரோ அவரையே தீண்டத்தகாதவராக்கும் வேலை அங்கே தொடங்கிற்று. அதன் பின்விளைவு நெடிது. ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் புனித வாரம் வந்தால் யூதர்கள் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1903ஆம் ஆண்டு ருஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் ஈஸ்டர் ஞாயிறன்றே கலகம் மூண்டு 49 யூதர்கள் கொல்லப்பட்டனர். அடிமைத்தளையினின்றும் விடுபட்டவர்கள் தந்த விருந்தை உண்டெழுந்த கைகள் செய்த செயல் இது. பண்டிகையைப் புகழ்ந்து பேசும் மேடைகளில் இதை எவரும் சொல்வதில்லை.

ஆனால் அதே நான்காம் நூற்றாண்டில் வேறொரு மரபும் வளர்ந்தது. பாஸ்கா இரவே திருமுழுக்குக்கு உரிய இரவாயிருந்தது. நெடுநாள் பயிற்சி பெற்றவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து தண்ணீரில் இறங்கி, வெளியேறியதும் வெள்ளாடை உடுத்தினர். ஆண்டானும் அடிமையும் இறங்கியது ஒரே தண்ணீரில். கிணறும் குளமும் மறுக்கப்பட்ட நமக்கு ‘ஒரே தண்ணீர்’ என்ற சொல்லின் கனம் தெரியும். அந்நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணி, குருத்தோலை ஞாயிறன்று குழந்தைகள் ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்தி மலையிலிருந்து இறங்கியதையும், நடக்க முடியாத சிறுவர்களைப் பெற்றோர் தோளில் தூக்கிவந்ததையும் எழுதியிருக்கிறார். நம் ஊர்களில் இன்றும் அப்படியே நடக்கிறது. ஒலிவம் இல்லை, தென்னங்குருத்து உண்டு.

ரோமானியப் பேரரசர்கள் ஈஸ்டரை முன்னிட்டுச் சிறைக் கதவைத் திறக்கும் வழக்கத்தையும் மேற்கொண்டனர். 367இல் முதலாம் வாலண்டினியன் பிறப்பித்த ஆணை இன்றும் சட்டத்தொகுப்பில் உள்ளது. கொடுங்குற்றம் புரிந்தோர் நீங்கலாகப் பிறரை விடுவிக்க அது கட்டளையிட்டது. கப்பதோக்கியா நாட்டு ஆயர் நீசா கிரகோரி தம் பாஸ்கா உரையில், அந்நாளில் கைதி விடுபடுவதையும் கடன்பட்டவன் கடனிலிருந்து நீங்குவதையும் அடிமை உரிமை பெறுவதையும் பேசுகிறார். பழைய ரோமானிய முறையில் அடிமையை விடுவிக்கும்போது கன்னத்தில் ஓர் அறை கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. திருச்சபையில் அடியில்லாமலே விடுதலை கிடைக்கிறது என்று அவர் பெருமிதத்தோடு சுட்டுகிறார். வேறொரு பிரசங்கத்தில் இன்னும் மேலே சென்று, கடவுளின் சாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதனுக்கு என்ன விலை போட்டாய், எத்தனை காசு எண்ணிக் கொடுத்தாய் என்று அடிமைகளின் உடைமையாளரைக் கேட்கிறார். பழைய உலகத்தில் அடிமைமுறையை வேரோடு கண்டித்து எழுந்த குரல்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதைவிடத் தெளிவானதை யாம் கண்டதில்லை. அவர் குரலைக் கேட்டு எத்தனை பேர் அடிமைகளை விடுவித்தனர் என்பது வேறு கேள்வி. திருச்சபையே பின்னர் நிலமும் அடிமையும் உடைய ஆண்டானாயிற்று.

முட்டை, முயல் ஆகியவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மனிதர் நோன்பிருந்தாலும் கோழி நோன்பிருக்குமா? நாற்பது நாள் முட்டை சேர்ந்துவிடும். அதை அவித்துச் சாயமிட்டு ஈஸ்டரன்று கொடுத்தனர். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் 1290இல் 18 பென்சுக்கு 450 முட்டை வாங்கிப் பொன்தாள் ஒட்டச் செய்த கணக்கு இருக்கிறது. முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மானியக் குழந்தைக் கதை. 1682இல் ஒரு மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மிட்டாய்க்கடை முட்டைகள் அண்மைக்காலத்தவை. இவற்றுக்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

1816ஆம் ஆண்டுக்கு வருவோம். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் மடிந்துகொண்டிருந்தனர். ஈஸ்டருக்கு அவர்களுக்குச் சில நாள் ஓய்வு உண்டு. அந்த ஓய்வைப் பயன்படுத்திக்கொண்டு, ஏப்ரல் 14ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு இரவில், அவர்கள் எழுந்தனர். கரும்புக் கொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. தலைவர்களுள் ஒருவன் பெய்லீஸ் தோட்டத்தைச் சேர்ந்த புஸ்ஸா என்பவன். சில நாட்களிலேயே படைகொண்டு கலகத்தை அடக்கினர்; புஸ்ஸா போரில் மாண்டான்; பிடிபட்டோர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1834இல். 1998இல் பார்படோஸ் அரசு புஸ்ஸாவைத் தன் தேசிய வீரர்களுள் ஒருவராக அறிவித்தது. தோட்ட முதலாளிகளும் அன்று காலை ஈஸ்டர் கொண்டாடியிருப்பார்கள். பாஸ்காவின் பழைய கதையை அந்த இரவில் அறிந்திருந்தவர் எவர் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இன்னும் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடும் வழக்கத்தை, 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சகோதரர்கள் என்போர் தொடங்கினர். இளைஞர்கள் சிலர் இருட்டோடு எழுந்து ஊர்க் கல்லறைக் குன்றுக்குச் சென்று, சூரியன் எழும்போது பாடினார்கள். அவர்களின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விதி உண்டு. சீமானுக்கும் தச்சனுக்கும் ஒரே அளவான தட்டைக் கல். குடும்பம் பார்த்து இடமில்லை. இறந்த வரிசைப்படியே குழி. அதே 1732இல் அவர்களுள் இருவர் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவுக்கு, அங்கிருந்த அடிமைகளிடம் செல்வதற்கென்றே புறப்பட்டனர். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் அந்தச் சகோதரர்களே அங்கே தோட்டமும் அடிமைகளும் வாங்கினர். அமெரிக்காவில் அவர்கள் அமைத்த சேலம் ஊரில் முதலில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தோட்டத்தில் அருகருகே புதைக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பருக்கெனத் தனி இடம் ஒதுக்கினர். தட்டைக் கல்லின் விதி நூறாண்டு கூடத் தாங்கவில்லை.

அதே டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த நம் தரங்கம்பாடிக்கும் 1760இல் மொராவியர் வந்து ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்து வாழ்ந்தனர்; சில பத்தாண்டுகளில் அப்பணி முடிந்துபோயிற்று. அதற்கு முன்பே அங்கிருந்த லுத்தரன் சபையில் நம் மக்களுக்குத் தனி இருப்பிடம் ஏற்பட்டிருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தம் ஆளுகைக்குட்பட்ட தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினர். கிண்ணத்தில் ஒன்றாய்க் குடிப்பதைவிடக் கிண்ணத்தை விட்டுவிடுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது. கத்தோலிக்க ஊர்களிலும் நிலை வேறன்று. நள்ளிரவில் வேட்டு முழங்கத் திரை விலகி, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் தோன்றும்; பார்ப்பதற்கு அழகான காட்சி. பின்னர் சப்பரம் புறப்படும். எந்தத் தெருவுக்குள் நுழைந்தது, எந்தத் தெருமுனையில் திரும்பிற்று என்பதை நம்மில் பலர் பிள்ளைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் தமிழகத்தில் உண்டு. கல்லைப் புரட்டியதைக் கொண்டாடும் பண்டிகையில் கல்லை அடுக்கிய வேலை அது.

எம் ஊரிலும் ஈஸ்டர் விடியலில் மெழுகுவர்த்தி ஏந்திக் கல்லறைக்குச் செல்வோம். நான்கு மணிக்கெல்லாம் எழுப்பிவிடுவார்கள். சாலை முழுவதும் எல்லோரும் கலந்தே நடப்போம், பாட்டும் ஒன்றே. தோட்டத்தை நெருங்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரியும். அவர்கள் இரும்புக் கதவுள்ள வாயிலுக்கும், நாங்கள் கருவேல மரத்துப் பக்கம் இருந்த திறப்புக்கும் செல்வோம். ஏழெட்டு வயதிருக்கும்போது ஒருமுறை, “நாம் ஏன் அப்பா அந்த வழியாகப் போவதில்லை?” என்று கேட்டோம். அப்பா திரும்பிப் பார்த்தார். “மெழுகுவர்த்தி அணைந்துவிடப் போகிறது, கையால் மறைத்துக்கொண்டு நட” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இறந்தபோதும் கருவேல மரத்துப் பக்கமாகவே எடுத்துச் சென்றோம்.

நேரம் மிகுதியாகிவிட்டது. கழகத்தின் மாலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் சிலர் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு முன்வரிசையில் காத்திருப்பதாகச் செயலாளர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். எமது உரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். மிகச் சிறிய பிள்ளை எதுவோ, அது முதலில் எழுந்து கேட்கட்டும்.